பெரியவர் தூங்குகிறார்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டி.வி.யில் இரண்டாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது நாகேந்திரனை வெட்டினார்கள்.

அம்பத்தூர் மேனாம்பேட்டில் டி.வி. இருந்த வீடுகளில் எல்லாம் கூட்டம். தெருவில் ஆள் இல்லை. முதல் வெட்டு தோளில் விழுந்தது. அடுத்தது கழுத்துக்கு வந்தது. கையைக் குறுக்கே வைத்தார். விரல்கள் போயின. அதற்கடுத்ததைத் தடுக்க அவரிடம் எதுவும் இல்லை. ஹாலிலிருந்து வாசற்படி வரை ஊர்ந்திருக்கிறார். பக்கத்து மனையில் செங்கல்லுக்குக் காவல் இருந்த வாட்ச்மேன் முனியன் அந்த ரத்தத்தைப் பார்த்து ஓடிவந்து, அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அந்தத் தலை கனத்தது.

முனியனின் வேட்டி முழுக்க ரத்தம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வேட்டி ஸ்டேஷன் மேஜை மேல் இருந்தது. முனியன் கோவணத்தோடு லாக்கப்பில் கிடந்தார்.

வரதன் கம்பி வழியாகப் பார்த்தான். கிழவரின் வலது கை வீங்கியிருந்தது. விரல்கள் ஆளுக்கொரு திசையில் நின்றன. மூச்சு விடும்போது மார்பின் ஒரு பக்கம் மட்டும் ஏறி இறங்கியது.

வரதன் ஒரு காலத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய் விபத்துகளைப் பிடித்துக்கொண்டிருந்தவன். இப்போது அம்பத்தூரில் ஒரு சைக்கிள் கடை மாடியில் சொந்தமாகத் துப்பறிகிறான். உதவிக்குக் கெங்கம்மாள். ஐம்பது வயது. ரேஷன் கடை வரிசையிலும் கோர்ட்டு வாசலிலும் பாதி வாழ்க்கையைக் கழித்தவள். அவளிடம் வாயைத் திறக்காமல் இருந்த ஆளை வரதன் இன்னும் பார்க்கவில்லை.

இந்த வழக்கைக் கொண்டுவந்தவள் முனியனின் மகள் சொர்ணம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் துணி தைக்கும் கம்பெனியில் வேலை. ஸ்டேஷன் வேப்ப மரத்தடியில் நின்றிருந்தாள். உள்ளே விடவில்லை.

"நாளைக்குக் கோர்ட்டுக்கு இட்டுக்கினு போறாங்களாம் சார். இன்னிக்குள்ள ஒத்துக்க வெச்சிடுவோம்னு அந்தப் போலீஸ்காரரு சொல்றாரு. நைனாவுக்கு மாரு வலி கீது. இன்னொரு வாட்டி அடிச்சா தாங்க மாட்டாரு."

வரதன் இன்ஸ்பெக்டர் அறைக்குள் போனான். பின்னால் கெங்கம்மாள்.

இன்ஸ்பெக்டர் திருநெல்வேலிக்காரர். மாற்றலாகி வந்து அதிக நாள் ஆகவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே பேசினார்.

"சாட்சி தெளிவா இருக்கு வே. சாகப் போறவன் கத்தியிருக்கான். 'பெரியவரை எழுப்பு'ன்னு ரெண்டு தடவை. பக்கத்து வீட்டு ராஜம்மா காதால கேட்டிருக்கா. அந்தத் தெருவுல பெரியவர்னு யாரைக் கூப்புடுதாங்க? முனியனை. அவனைக் கேட்டா, தூங்கவே இல்லை, பீடி குடிச்சிட்டு உக்காந்திருந்தேங்கான். முழிச்சிருந்தவன் ஏன் முதல்லயே ஓடல? ஏன்னா அவனும் உள்ளதான் இருந்தான்."

"அப்ப வெட்டிக்கினு இருக்கறவனையே எழுப்பச் சொன்னாரா சார்?" என்றாள் கெங்கம்மாள். "தூங்கிக்கினே வெட்டுவான் போல. கெட்டிக்காரக் கிழவன்."

"இந்தம்மா யாரு?"

"என் உதவியாளர்" என்றான் வரதன். "முனியனுக்கும் அவருக்கும் என்ன பகை?"

"இவன் குத்தகைக்கு உழுத நிலத்தை அவன் மனை போட்டு வித்துட்டான். போதாதா?"

"நாகேந்திரன்கிட்ட லைசென்ஸ் ரிவால்வர் இருந்ததே."

"இருந்துச்சு. இருக்கு. பீரோவுல பூட்டி. குண்டு தனியா சாமி ரூம்ல, படத்துக்குப் பின்னால. நிலத் தகராறு, மிரட்டல்னு வாங்கி வச்சான். அவ்வளவு பத்திரமா ஒருத்தன் வச்சு நான் பாத்ததில்லை. கருமாதி முடிஞ்சதும் இங்க ஒப்படைக்கச் சொல்லியிருக்கேன்." டீயைக் குடித்தார். "எடுக்கத்தான் அவனுக்கு நேரமில்லை. வீட்டுல வேற ஆளும் கிடையாது. பொண்டாட்டி வேலப்பன்சாவடியில சொந்தக்காரங்க வீட்டுல. மச்சினன் சம்பத் லாரியோட ஆவடியில."

"ஆள் இல்லாத வீட்டுல யாரைப் பார்த்து 'எழுப்பு'ன்னார்?"

"தெருவைப் பாத்து. யாராவது எழுப்புங்கன்னு."

"எழுப்புங்கன்னு சொல்லலையே. எழுப்புன்னுதானே சொல்லியிருக்கார்."

"வெட்டு வாங்குறவன் மரியாதை பாப்பானா?" கிளாஸை வைத்தார். "நாளைக்குக் காலையில கோர்ட்டு. அதுக்குள்ள எதாவது கொண்டாந்தா பாக்கேன்."

வெளியே வரும்போது லாக்கப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஈரத் துணியைக் கல்லில் அடிப்பதுபோல. சொர்ணம் காதைப் பொத்திக்கொண்டாள்.

*

ராஜம்மா வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கெங்கம்மாள் எதிரே குந்தினாள்.

"இன்னா மீனு?"

"கெளுத்தி. பருத்திப்பட்டு ஏரி மீனுன்னு குடுத்தான்."

"அந்த ஏரியில பாதி மனையாப் பூட்ச்சி. மீனு எங்க வந்து குந்தும்?" ஒரு மீனை எடுத்து முள்ளை ஒடித்தாள். "அன்னிக்கு இன்னா கேட்டே? அப்டியே சொல்லு."

"ஊடு நெறைய ஜனம். பாட்டு ஓடிக்கினு கீது. நான் சமையல் ரூமாண்ட இருந்தேன். 'பெரியவர எழுப்புமே, பெரியவர எழுப்புமே'ன்னு ரெண்டு வாட்டி. எப்பவும் கேக்கறதுதானேன்னு கம்முனு இருந்துட்டேன்."

"எப்பவுமா?" என்றான் வரதன்.

"அந்தாளு குடிச்சிட்டா இதே ரப்ச்சர்தான். பெரியவர எழுப்பு, பெரியவர எழுப்புன்னு. பெரியவரு எழுந்து வந்து இன்னா சொல்வாரோ தெரியாது, ஊடு அப்டியே கம்முனு ஆயிடும். நல்ல மனுசன் போல."

"அந்த வீட்டுக்குள்ளயா இருக்கார் பெரியவர்?"

"பின்ன? ரொம்ப நாளா கீறாரு. அப்பனோ மாமனோ. படுத்த படுக்கை. நான் பாத்ததில்ல."

"இத்தினி வருசமா பக்கத்துல குந்திக்கினு பாத்ததில்லையா?" கெங்கம்மாள் மீனைக் கீழே போட்டாள். "நானா இருந்தா ஓட்டைப் பிரிச்சிப் பாத்திருப்பேன்."

"அந்தாளு பொண்டாட்டி பூங்காவனத்தைக் கேட்டேன். பேசாம உள்ள பூட்ச்சி. அவ தம்பி சம்பத்துதான் ஒரு தபா சிரிச்சிக்கினே சொன்னான், பெரியவரு ஒரு ரூம்ல, அவரு சோறு ஒரு ரூம்லன்னு. இன்னா கூத்தோ. எலெக்சன் வந்தா மட்டும் அவர எங்கியோ அனுப்பிடுவாங்க. முடிஞ்சதும் திரும்பி வந்துடுவாரு. இந்த வாட்டியும் அப்டித்தான்."

"இதையெல்லாம் இன்ஸ்பெக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"எங்க சொல்ல உட்டாரு? பெரியவர்னு நான் வாயைத் தொறந்ததும், 'வாட்ச்மேனா'ன்னாரு. எழுதிக்கினு பூட்டாரு. அவரு பேசற தமிழு எனக்குப் பாதி புரியல. நான் பேசறது அவருக்குச் சுத்தமா புரியல."

ஸ்கூட்டர் தெருமுனையில் நின்றது. வரதன் சாவியைப் போட்டான். கெங்கம்மாள் கையை முகர்ந்து பார்த்து முகம் சுளித்தாள்.

"படுத்த படுக்கையா கீற ஆளு எலெக்சனுக்கு எங்க போவாரு? பிரசாரத்துக்கா?"

"யோசிக்கறேன்."

"யோசி. எனக்குத் தெரிஞ்சி எலெக்சன் வந்தா போலீசு உள்ள வாங்கி வெக்கறது ரெண்டத்தான். ஒண்ணு ரவுடி. இன்னொண்ணு லைசென்ஸ் துப்பாக்கி. பெரியவரு அந்தக் காலத்து ரவுடியோ இன்னாவோ."

கிக்கரில் வைத்த காலை வரதன் எடுத்தான்.

"இன்னா நைனா?"

"இப்ப சொன்னதுல ரவுடியை எடுத்துடு."

கெங்கம்மாள் அவனையே பார்த்தாள். உதடுகள் மெல்ல அசைந்தன.

"சோறு ஒரு ரூம்ல."

"குண்டு சாமி ரூம்ல" என்றான் வரதன்.

"அவரு ஒரு ரூம்ல."

"பீரோவுல."

"அடப்பாவி. துப்பாக்கிக்கா இவ்ளோ மரியாதை? எம்புருசனைக்கூட நான் 'அவரு'ன்னு சொன்னதில்ல."

"வேலைக்காரி காதுல விழக் கூடாது, பக்கத்து வீட்டுக்குத் தெரியக் கூடாது. ஆனா அவசரம்னா வீட்டு ஆளுங்களுக்கு ஒரே சொல்லுல புரியணும். அதுக்காக வெச்ச பேர்."

"அப்ப அவரு முனியனைக் கூப்டவே இல்ல."

"இல்ல. துப்பாக்கியை எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கார். அந்தப் பேர் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட. அப்ப வீட்டுக்குள்ள இருந்த ஒருத்தர்கிட்ட."

முனையில் இருந்த மருந்துக் கடையிலிருந்து ஸ்டேஷனுக்குப் போன் போட்டான். இன்ஸ்பெக்டர் முழுவதும் கேட்டார். நம்பியதாகத் தெரியவில்லை.

"சாயங்காலமா வாரேன்."

"இப்பவே நாகேந்திரன் வீட்டுக்கு வாங்க. அதுவரைக்கும் முனியனைத் தொட வேண்டாம்னு சொல்லுங்க."

"அவனை விசாரிச்சிட்டு இருக்காங்க வே."

"தொட வேண்டாம்னு சொல்லுங்க சார்."

"சொல்லுதேன், சொல்லுதேன்."

போன் வைக்கப்பட்டது. அவர் சொன்னாரா என்று வரதனுக்குத் தெரியவில்லை.

*

நாகேந்திரன் வீட்டு வாசற்படியைக் கழுவியிருந்தார்கள். சிமெண்ட் விரிசலில் கறுப்பாக ஒட்டியிருந்தது போகவில்லை. ஹாலில் அவர் படத்துக்கு மாலை. முன்னால் ஆளுயரத்தில் பாதி இருக்கும் பித்தளைக் குத்துவிளக்கு எரிந்தது.

பூங்காவனம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். இடுப்பில் சாவிக்கொத்து. நெற்றியில் குங்குமத்துக்கு மேலே வட்டமாக ஒரு கன்றல், மோதிரத்தை வைத்து அழுத்தியதுபோல. தம்பி சம்பத் படுக்கையறைக் கதவில் கை வைத்து நின்றான். நல்ல உயரம். லாரி ஓட்டிய தோள்.

"எல்லாம் போலீஸ்ல சொல்லியாச்சு" என்றான்.

"தெரியும்" என்றான் வரதன். நாற்காலியில் உட்கார்ந்தான். மின்விசிறியைப் பார்த்தான். வீட்டு மனிதர்களை விசாரிக்கும் குரலில் கேட்டான். "பெரியவர் எப்படி இருக்கார்?"

"தூங்கறாரு" என்றான் சம்பத்.

சொன்ன வாய் மூடவில்லை.

"யாரு தூங்கறாரு?" என்றாள் கெங்கம்மாள்.

"யாரும் இல்ல. வாய் தவறி வந்துடுச்சு."

"வெள்ளிக்கிழமை அவரை எழுப்பச் சொல்லி உங்க மாமா கத்தியிருக்கார்" என்றான் வரதன். "வாட்ச்மேனைச் சொன்னதா நெனச்சு ஒரு கிழவரை ரெண்டு நாளா அடிக்கறாங்க. கை உடைஞ்சு போச்சு. ஒரு வார்த்தை சொன்னா போதும், விட்டுடுவாங்க. ஏன் சொல்லல?"

சம்பத் அக்காவைப் பார்த்தான். அவள் விளக்கைப் பார்த்தாள். அவன் திரும்பி அறைக்குள் போனான். பீரோ கதவு கிறீச்சிட்டது. பூட்டைத் திறக்கும் சத்தம் வரவில்லை. வெளியே வந்தபோது கையில் ரிவால்வர் இருந்தது.

"இப்ப முழிச்சிக்கினாரு" என்றான்.

"சாப்ட்டாரா?" என்றாள் கெங்கம்மாள்.

"வயிறு முட்ட."

சுட்டான்.

வரதனின் இடது காதில் நெருப்பு வைத்ததுபோல இருந்தது. நாற்காலியோடு சாய்ந்தான். அவன் தலை இருந்த இடத்துக்குப் பின்னால் சுவரில் காரை பெயர்ந்து விழுந்தது. சம்பத் ஒரு அடி முன்னால் வந்து குழலைக் கீழே இறக்கினான். அடுத்தது மார்புக்கு.

கெங்கம்மாள் குத்துவிளக்கைத் தண்டோடு பிடித்து வீசினாள். தூக்கி எறியவில்லை. துணி துவைப்பதுபோல மேலிருந்து கீழே அடித்தாள். மணிக்கட்டு எலும்பு முறிந்தது எல்லோருக்கும் கேட்டது. குண்டு தரையில் பாய்ந்தது. சூடான எண்ணெய் அவன் கன்னத்திலும் கழுத்திலும் தெறித்தது. சம்பத் கத்தினான். கத்திக்கொண்டே இடது கையால் ரிவால்வரைத் தேடினான். வரதன் எழுந்து அந்தக் கையை மிதித்தான். அவன் தலைமயிரைப் பிடித்துக் கதவு நிலையில் மோதினான். அவன் திமிறினான். மறுபடி மோதினான். பல் ஒன்று தரையில் உருண்டது.

சம்பத் குப்புற விழுந்தான். கெங்கம்மாள் அவன் முதுகில் உட்கார்ந்தாள்.

"ஆடாத. எண்பது கிலோ. அத்தனையும் ரேஷன் அரிசி."

பூங்காவனம் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

வாசலில் ஜீப் நின்றது. இன்ஸ்பெக்டர் இரண்டு கான்ஸ்டபிள்களோடு உள்ளே வந்தார். சுவரைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். கைக்குட்டையால் ரிவால்வரை எடுத்தார்.

"நான்தான் வெட்டினேன்" என்றான் சம்பத். வாயிலிருந்து ரத்தம் ஒழுகியது. "நான் மட்டுந்தான். அருவா லாரி சீட்டுக்கு அடியில கீது. அக்கா ஊட்ல இல்ல. அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது."

"அப்ப முடிஞ்சுது" என்றார் இன்ஸ்பெக்டர். கான்ஸ்டபிள்கள் விலங்கு மாட்டினார்கள். முறிந்த கையில் மாட்டும்போது அவன் மறுபடி கத்தினான்.

வரதன் துண்டைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றான்.

"முடியல சார். நாகேந்திரன் யாரைக் கூப்பிட்டார்?"

"இவனைத்தான். பேரு தெரிஞ்சவன் இவன்தானே."

"இவன் கையில அருவா இருந்தது. அருவாளோட நிக்கறவன்கிட்டயே துப்பாக்கியை எடுத்துட்டு வான்னு சொல்லுவாரா?"

இன்ஸ்பெக்டர் கையிலிருந்த ரிவால்வரைப் பார்த்தார்.

"ராஜம்மா உங்ககிட்ட என்ன சொன்னாங்க?"

"பெரியவரை எழுப்பு."

"அது நீங்க எழுதினது. அவங்க சொன்னது 'எழுப்புமே'."

"அதுல என்ன வித்தியாசம்? இந்த ஊர்ல எதுக்கெடுத்தாலும் ஒரு 'மே' போடுதாங்க. ஆடு கத்துத மாதிரி. அதையெல்லாம் எழுத முடியுமா?"

"எதுக்கெடுத்தாலும் இல்ல சார்" என்றாள் கெங்கம்மாள். அவள் குரலில் விளையாட்டு இல்லை. "பொம்பளையத்தான் அப்டிக் கூப்டுவாங்க. வாமே, போமே, குந்துமே. கட்டினவகிட்ட அப்டித்தான் பேசுவாங்க. ஆம்பளையப் பாத்து எழுப்புமேன்னு எவனும் சொல்ல மாட்டான்."

யாரும் சொல்லாமலே எல்லோரும் திரும்பினார்கள்.

பூங்காவனம் எழுந்தாள். சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள்.

"அக்கா, பேசாத" என்றான் சம்பத்.

"குடிச்சா அதான் சொல்லுவாரு" என்றாள் அவள். "பெரியவர எழுப்புமே. நானே பீரோவைத் தொறக்கணும். நானே எடுத்தாந்து அவர் கையில குடுக்கணும். வாங்கி இங்க வெச்சி அழுத்துவாரு." நெற்றிக் கன்றலைத் தொட்டாள். "சோறு போட்டுக்கீதா இல்லியான்னு சொல்ல மாட்டாரு. ஒண்ணு, ரெண்டுன்னு என்னை எண்ண விடுவாரு. ஒரு தபா அமுக்கினாரு. டக்குன்னு சத்தம் மட்டும் வந்தது. நான் பொடவையிலயே போயிட்டேன். அதுக்குச் சிரிச்சாரு. வெளிய இருந்து எவனாவது வந்தா நம்மளக் காப்பாத்தறதுக்குன்னுதான் அதை வாங்கியாந்தாரு."

"வெள்ளிக்கிழமை?" என்றான் வரதன்.

"வேலப்பன்சாவடியிலேர்ந்து சீக்கிரமே வந்துட்டேன். ஆவடியிலேர்ந்து வந்த தம்பி என் நெத்தியப் பாத்துட்டு அருவாளோட நேரா உள்ள போனான். மொத வெட்டு உழுந்ததும் அவரு என்னைத் திரும்பிப் பாத்தாரு. அன்னிக்கும் அதையேதான் சொன்னாரு. ரெண்டு வாட்டி. நான் பீரோவாண்டதான் நின்னுக்கினு இருந்தேன். சாவி கையில இருந்தது."

"ஓடியிருக்கலாம். கத்தியிருக்கலாம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பாத்துக்கினு இருந்தேன் சார்."

கெங்கம்மாள் அவள் முன்னால் போய் நின்றாள்.

"முனியன் உள்ள கெடக்கறது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அவரு இன்னா பண்ணாரு உனக்கு?"

"ஒண்ணும் பண்ணல. என் புருசன் தலையை மடியில வெச்சிக்கினாரு. நான் கதவு சந்துல பாத்தேன்." தரையில் கிடந்த சாவிக்கொத்தைக் காலால் ஓரமாகத் தள்ளினாள். "இத்தினி வருசம் நான் அடி வாங்கினேன். தெருவே டி.வி. பாத்துக்கினு இருந்தது. ரெண்டு நாள் வேற யாராவது வாங்கட்டும்னு உட்டுட்டேன்."

கெங்கம்மாள் கையை ஓங்கினாள். பிறகு இறக்கிக்கொண்டாள்.

"போன் எங்க இருக்கு?" என்றான் வரதன்.

பூங்காவனம் கையைக் காட்டினாள். ஜன்னல் ஓரத்தில் சின்ன மேஜை, அதன்மேல் கறுப்புப் போன். வரதன் அதை எடுத்து இன்ஸ்பெக்டரிடம் நீட்டினான். அவன் காதிலிருந்து வடிந்த ரத்தம் ரிசீவரில் பட்டிருந்தது. அவர் அதைத் துடைக்காமலே வாங்கினார்.

எண்ணைச் சுழற்றினார். மறுமுனையில் எடுத்தார்கள்.

"நான்தான். அந்த முனியனை விட்டிருங்கடே. அவன் இல்லை. ஆள் கிடைச்சாச்சு, ரெண்டு பேரு. முனியனுக்குத் தண்ணி குடு, ஒரு வேட்டியைக் குடுத்து உக்கார வை. ஆஸ்பத்திரிக்கு நானே வந்து கூட்டிட்டுப் போறேன். என்ன?"

கேட்டுக்கொண்டிருந்தார். கம்பியில் இரைச்சல் மட்டும் வந்தது. அவர் கண்கள் வரதனைவிட்டு விலகி ஜன்னலுக்குப் போயின.

"நான் சொல்லுதது கேக்கா? ஏம்டே சும்மா இருக்க?"